டி.வி. காமெடி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் பிறந்து வளர்ந்து இன்றும் அங்கேயே இருக்கிறேன். அப்பா ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர். இரவுச் சாப்பாட்டை டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். முப்பது வருடமாகக் காமெடி நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறேன் என்பது சுற்றியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் அக்கா பிள்ளைகள், ஆபீஸ் நண்பர்கள், மாடி வீட்டுப் பாட்டி என்று ஆளாளுக்கு ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: நான் இதுவரை ஒன்றுமே பார்த்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

லொள்ளு சபா. யோசிக்கவே வேண்டாம்.

2000களில் விஜய் டி.வி.யில் வந்தது. இயக்கியவர் ராம்பாலா. பிரபலமான ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டு, அதன் கதையை அப்படியே பின்தொடர்ந்து, ஒவ்வொரு காட்சியிலும் 'இது எப்படிய்யா நடக்கும்?' என்று நாம் மனசுக்குள் கேட்டதை உரக்கக் கேட்பார்கள். ஆரம்பத்தில் சந்தானம், அப்புறம் ஜீவா, கூடவே சாமிநாதன், மனோகர், சேஷு, மாறன். படத்தில் பெரிய செலவில் எடுத்த காட்சியை இவர்கள் ஒரு சுவரையும் இரண்டு நாற்காலியையும் வைத்து முடித்துவிடுவார்கள். அந்த ஏழ்மையே அதற்கு அழகு.

ஒரே ஒரு நிபந்தனை. மூலப் படத்தை முதலில் பார்த்திருக்க வேண்டும். என் அக்கா மகன் படம் பார்க்காமல் எபிசோடைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன மாமா இருக்கு?" என்றான். ஒரு சனிக்கிழமை படத்தைப் போட்டுக் காட்டி, மறுநாள் எபிசோடைக் காட்டினேன். சோபாவிலிருந்து சரிந்து கீழே விழுந்து சிரித்தான். ஒரு படத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கலாய்க்க வேண்டும் என்றால் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருக்க வேண்டும். சினிமாவை உயிராக நேசிப்பவர்களால்தான் அது முடியும் என்று நான் நம்புகிறேன்.

மனோகரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வசனம் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் கை ஒரு பக்கம் கிளம்பும், உடம்பு இன்னொரு பக்கம் சாயும், குரல் மூன்றாவதாக வந்து சேரும். அந்த வரிசையை அவர் எந்த எபிசோடிலும் மாற்ற மாட்டார். சேஷு 2024 மார்ச்சில் காலமானார். அன்று இரவு எங்கள் வீட்டில் அவர் வரும் எபிசோடுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம்.

கேள்வி: அதற்கு முன்னால் டி.வி.யில் காமெடியே இல்லையா?

நிறைய இருந்தது. மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்தது. அப்போது சென்னையில் காமெடி என்றால் சபா நாடகம். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் ஓடிய நாடகங்களின் ஆட்களும் எழுத்தும்தான் டி.வி.க்குள் வந்தன. எஸ்.வி.சேகரின் வண்ணக் கோலங்கள் தூர்தர்ஷனில் வந்தபோது தெருவில் டி.வி. இருக்கும் வீட்டுத் திண்ணையெல்லாம் நிரம்பிவிடும் என்று அம்மா சொல்வார். கிரேஸி மோகன் எழுத்தும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் எடுத்து, மூன்றாவதாக ஒருவர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்வார். 2019-ல் அவர் போன பிறகு அந்த வேகத்தில் எழுத ஆள் இல்லை என்பது என் வருத்தம்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. அப்புறம் ராஜ், விஜய் என்று வரிசையாக வந்தன. என் பள்ளிக்கூட நாட்களின் பெரிய சந்தோஷம் ராஜ் டி.வி.யில் வந்த ரமணி வெர்சஸ் ரமணி. நாகா இயக்கியது. முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். கணவன் மனைவி சண்டைதான் கதை. ஆனால் யாரும் யாரையும் மட்டம் தட்டமாட்டார்கள். இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை.

சன் டி.வி.யின் சின்ன பாப்பா பெரிய பாப்பாவில் எம்.எஸ்.பாஸ்கர் செய்த பட்டாபியை மறந்தால் எங்கள் அம்மா கோபித்துக்கொள்வார். அதே சேனலில் காமெடி டைம் என்று ஒன்று வரும். சிட்டிபாபுவும் அர்ச்சனாவும் நேயர்களோடு போனில் பேசிக்கொண்டே சினிமா காமெடிக் காட்சிகளைப் போடுவார்கள். அந்த லைன் கிடைப்பதற்காக எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்தில் ஆள் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கலக்கப் போவது யாரு, அசத்தப் போவது யாரு இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் மேடையேறி மிமிக்ரியும் காமெடியும் செய்யும் போட்டிதான். அமைப்பு ஒன்று, சேனல் வேறு. முதலாவது விஜய் டி.வி.யில் 2005-ல் ஆரம்பித்தது. இரண்டாவது அதன் பிறகு சன் டி.வி.யில் வந்தது. நிறையப் பேர் இரண்டு மேடையிலும் ஏறினார்கள். அசத்தப் போவது யாருவில் நடுவராக உட்கார்ந்து மதன் பாப் சிரித்த சிரிப்பு தனி ரகம். அவரும் 2025 ஆகஸ்டில் போய்விட்டார்.

இந்த இரண்டு மேடையும் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அதுவரை ஊர்த் திருவிழாவிலும் ஆர்கெஸ்ட்ரா இடைவேளையிலும் மிமிக்ரி செய்துகொண்டிருந்தவர்களைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தது. கோவை குணா என்ற பெயர் அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. கவுண்டமணி குரலை யார் வேண்டுமானாலும் செய்யலாம். குணா செய்யும்போது அந்தக் குரலுக்குள் இருக்கும் எரிச்சலும் வரும். ஒரே நிமிடத்தில் அங்கிருந்து ஜனகராஜுக்குத் தாவுவார். தாவும் அந்த அரை நொடியில் அவர் கழுத்தைப் பாருங்கள். முதலில் கழுத்து மாறும், பிறகுதான் குரல். 2023-ல் அவர் இறந்த செய்தியைக் காலையில் பால் வாங்கப் போன கடையில் கேட்டேன். கடைக்காரர் அவர் குரலிலேயே ஒரு வரி சொல்லிப் பார்த்து, வராமல் நிறுத்திக்கொண்டார்.

கேள்வி: 'சிரிச்சா போச்சு' ரவுண்டை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள்?

தெரியாதவர்களுக்கு முதலில் விதி. விஜய் டி.வி.யின் 'அது இது எது' நிகழ்ச்சியில் மூன்று ரவுண்டு உண்டு: குரூப்புல டூப்பு, சிரிச்சா போச்சு, மாத்தி யோசி. முதலில் சிவகார்த்திகேயன் நடத்தினார், பிறகு மா.கா.பா. ஆனந்த். சிரிச்சா போச்சுவில் விருந்தினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காமெடி கலைஞர்கள் எதிரே வந்து நடிப்பார்கள். சிரித்தால் அவுட்.

இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மற்ற நிகழ்ச்சிகளில் எதிரே இருப்பவர் சிரிப்பது மரியாதைக்காக. இங்கே சிரிக்காமல் இருக்கத்தான் அவருக்குக் காரணம் இருக்கிறது. அதனால் கலைஞர் நிஜமாகவே வேலை செய்தாக வேண்டும். எழுதி வைத்த வசனம் எடுபடவில்லை என்றால் அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றைப் பிடிக்க வேண்டும். வடிவேல் பாலாஜி இதில் ராஜா. முதல் வசனம் விழாவிட்டால் அவசரப்பட மாட்டார். ஒன்றும் நடக்காததுபோல விருந்தினர் முகத்தையே ஒரு கணம் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

ரோபோ சங்கர் வேறு வகை. உடம்பெல்லாம் பெயிண்ட் பூசிக்கொண்டு ஊர் மேடைகளில் ரோபோ போல ஆடியதால் வந்த பெயர் அது. அவர் உள்ளே நுழைந்தாலே மேடை சின்னதாகிவிடும். பாலாஜி 2020 செப்டம்பரில் போனார், சங்கர் 2025 செப்டம்பரில். இரண்டு பேருமே சின்ன வயது. இப்போது அந்த எபிசோடுகளைப் பார்க்கும்போது சிரிப்புக்கு நடுவில் தொண்டை அடைக்கிறது. இருந்தாலும் பார்க்கிறேன், அக்கா பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன்.

கேள்வி: எதிரே உட்கார்ந்து சிரிக்கிறார்களே ஆடியன்ஸ், நிஜமாகவே சிரிக்கிறார்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானே நேரில் பார்த்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு காமெடி நிகழ்ச்சியின் ஷூட்டிங்குக்கு ஆடியன்ஸாகப் போனேன். எந்த சேனல் என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஒன்பது மணிக்கு வடபழனியில் வேன். கோஆர்டினேட்டர் தலையை எண்ணி ஏற்றினார். ஃப்ளோருக்குள் போனதும் சட்டை, சேலை கலரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். பளிச்சென்று இருப்பவர்கள் முன்னால், வெள்ளையும் கறுப்பும் பின்னால். ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. மேடையில் யாரும் இல்லை.

அப்போது ஒருவர் மைக்கோடு வந்து, "எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினோம். "இப்ப சிரிங்க." சிரித்தோம். "ஆச்சரியமாப் பாருங்க." பார்த்தோம். "கண் கலங்குங்க." அதையும் செய்தார்கள். கால் மணி நேரம் காலி மேடையைப் பார்த்து இதெல்லாம் நடந்தது. கேமரா ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தபடி எடுத்துக்கொண்டே போனது.

என் பக்கத்தில் பச்சைப் பட்டுச் சேலையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேட்டாவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வருவதாக ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். "சிரிங்க" என்றபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவ்வளவு அழகான சிரிப்பு. நானும் ஏமாந்துபோய் மேடையில் யாராவது வந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல்தான் ஸ்கிட்டுகள் ஆரம்பித்தன. நாலு மணி வாக்கில் கழிவறைக்குப் போகும் வழியில் செட்டுக்குப் பின்னால் ஒரு கலைஞரைப் பார்த்தேன். பேன்ட்டுக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு, தட்டில் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உதட்டை அசைத்து வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. கூப்பிட்டதும் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினார்.

அவருடைய ஸ்கிட் வீட்டு புரோக்கரைப் பற்றியது. நடுவில் வசனம் மறந்துவிட்டது. இரண்டு நொடி அப்படியே நின்றார். கூட நடித்தவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் மெதுவாக நடந்து போய், செட்டில் வரைந்திருந்த ஜன்னலைத் தட்டி, "இது தொறக்காதுங்க, அதான் வாடகை கம்மி" என்றார். மொத்த ஃப்ளோரும் வெடித்துச் சிரித்தது. கேமராமேன் தோள் குலுங்கியது. பச்சைச் சேலை அம்மா இந்த முறை வாயை மூடவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பானது. குடும்பத்தோடு உட்கார்ந்தேன். ஜன்னல் காட்சி இல்லை. வெட்டிவிட்டார்கள். இன்னொரு ஸ்கிட்டில், யாருமே சிரிக்காத ஒரு வசனம் முடிந்ததும், அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கும் முகம் வந்தது. காலையில் காலி மேடையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

எனவே என் பதில் இதுதான்: சிரிப்பு பல நேரம் நிஜம். ஆனால் திரையில் நீங்கள் பார்க்கும் சிரிப்பு, நீங்கள் பார்க்கும் வசனத்துக்கு வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஏன் அப்படி வெட்டுகிறார்கள்?

எடிட்டிங்கில் ஒரு வசதி இருக்கிறது. நடிப்பவரின் காட்சியில் ஒரு துண்டை நீக்கினால் திரையில் ஒரு தாவல் தெரியும். நடுவில் யாராவது சிரிக்கும் முகத்தைப் போட்டுவிட்டால் அந்தத் தாவல் மறைந்துவிடும். பத்து நிமிட ஸ்கிட்டை ஆறு நிமிடமாக்க இதைவிட எளிய வழி கிடையாது. விருந்தாளியாக வந்த நடிகரின் முகம் ப்ரோமோவுக்கும் உதவும்.

காரணம் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காமெடியில் வசனத்துக்கு முன்னால் வரும் மௌனத்துக்கும், வசனத்துக்குப் பின்னால் வரும் முகத்துக்கும்தான் உயிர். சரியாக அந்த இரண்டு இடத்திலும் கேமராவை எடுத்துக்கொண்டு போய் நடுவர் முகத்தில் வைக்கிறார்கள். அதோடு ஒரு 'டொய்ங்' சத்தம், ஒரு வடிவேலு பட வசனம், திரையில் பறக்கும் எழுத்து. நடிப்பவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாமலே போகிறது. லொள்ளு சபாவைப் பார்த்து முடித்த கையோடு இப்போதைய நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். ஒரு ஷாட் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சேனல்களுக்கு நெருக்கடி இருப்பதும் உண்மை. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வியாழக்கிழமைதோறும் வருகிறது. மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்திய மீட்டர் சொல்வதுதான் கணக்கு. ஒரு நிமிடம் சும்மா விட்டால் ஆள் ரிமோட்டை எடுத்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் மௌனத்தை எல்லாம் வெட்டி எறிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: விளம்பரத்துக்குக் கணக்கே கிடையாதா?

உண்டு. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சேனல் தன் நிகழ்ச்சிகளுக்குச் செய்துகொள்ளும் விளம்பரமும் அதற்குள் அடக்கம்.

கேள்வி: குக் வித் கோமாளி சமையல் நிகழ்ச்சியா, காமெடி நிகழ்ச்சியா?

காமெடி. விஜய் டி.வி.யில், சமைப்பவரோடு சமையல் தெரியாத ஒரு கோமாளியை ஜோடி சேர்த்துவிடும் போட்டி அது. சமையல் அதற்கு ஒரு கடிகாரம். அடுப்பில் ஏதோ ஒன்று வெந்துகொண்டிருக்கிறது, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் வெங்காயம் எது பூண்டு எது என்று தெரியாத ஓர் ஆள் நிற்கிறார். இந்த நிலைமையை உருவாக்கிவிட்டால் தனியாக ஜோக் எழுத வேண்டியதில்லை. 2019 நவம்பரில் ஆரம்பித்தபோது இது இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது சீசன் 2020 கடைசியில் வந்தது. அந்த வருடத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். ஆகஸ்டில் அக்கா கணவர் கொரோனாவில் இறந்துபோனார். உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அக்கா இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதம் அந்த வீட்டில் மிக்ஸி சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. ஒரு சனிக்கிழமை இரவு பிள்ளைகளுக்காக டி.வி.யைப் போட்டேன். கோமாளியாக வந்த புகழ் ஏதோ தவறாக எடுத்துக்கொண்டு வந்து, நடுவர் வெங்கடேஷ் பட்டிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, கையில் சோப்பு நுரையோடு வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் 'களுக்' என்று ஒரு சத்தம். சின்னவள் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள், டி.வி.யைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் இந்த நிகழ்ச்சியை யாராவது மொக்கை என்று சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். புகழ், சிவாங்கி, பாலா, மணிமேகலை, நடத்திய ரக்‌ஷன், நடுவர்கள் தாமு, பட் எல்லோருக்கும் எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சீசனில், கவர்ச்சி நடிகை என்றே பெயரெடுத்திருந்த ஷகிலா சமைக்க வந்தார். அதுவரை அவர் பெயரைச் சொன்னாலே ஒரு மாதிரி சிரித்த ஊர் இது. புகழ் அவரை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். சில வாரங்களில் எங்கள் மாடி வீட்டுப் பாட்டி, "அந்தம்மா எவ்ளோ பொறுமையா இருக்காங்க பாரு" என்றார். ஒரு பெண்ணைப் பற்றி இத்தனை வருடமாக ஊர் வைத்திருந்த எண்ணத்தை ஒரு காமெடி நிகழ்ச்சி மாற்றியது. எந்தப் பேட்டியும் அதைச் செய்திருக்க முடியாது.

கேள்வி: டாப் குக்கு டூப் குக்கு அதன் காப்பியா?

காப்பி என்று சொல்வது நியாயமில்லை. குக் வித் கோமாளியைத் தயாரித்த மீடியா மேசன்ஸ்தான் 2024-ல் சன் டி.வி.யில் அதையும் செய்தது. பட்டும் அங்கே போனார். விஜய்யில் தாமுவோடு மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார். நான் இரண்டையும் பார்த்தேன். பழைய கூட்டணியின் பேச்சு வழக்கு சன்னில் இருந்தது, பழைய பெயர் விஜய்யில் இருந்தது.

கேள்வி: குண்டு, கறுப்பு, வழுக்கை என்று கேலி செய்வதெல்லாம் காமெடியா?

இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மேலே சொன்ன சின்னவள் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஒரு நிகழ்ச்சியில் ஒரு பெண் கலைஞரின் நிறத்தை வைத்து ஒரு 'கவுண்டர்' போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பையன் அதே வரியை அவளிடம் சொன்னான். அவள் வந்து எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அந்த நிகழ்ச்சி ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நாலு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

கவுண்டமணி செய்யவில்லையா, செந்தில் வாங்கவில்லையா என்று கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் உருவத்தைச் சொல்லி வாங்கும் சிரிப்புக்கு எந்த உழைப்பும் தேவையில்லை. எதிரில் இருப்பவரைப் பார்த்தால் போதும், எழுத வேண்டியதில்லை. கோவை குணாவின் கழுத்தையும் வடிவேல் பாலாஜியின் பார்வையையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த உழைப்பு எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆண்கள் சேலை கட்டி வருவதையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அதை நான் பிரித்துப் பார்க்கிறேன். தெருக்கூத்திலும் பழைய நாடகத்திலும் ஆண்கள் பெண் வேஷம் கட்டியது பெரிய கலை. ஸ்திரீபார்ட் போட்டவர்களை ஊரே கொண்டாடியது. இன்றும் ஒரு கலைஞர் ஒரு மாமியாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ நன்றாகக் கவனித்து அந்த நடையையும் பேச்சையும் கொண்டுவந்தால் ரசிக்கிறேன். சேலை கட்டியிருப்பதே ஜோக், பெண்ணாக இருப்பதே ஜோக் என்று வரும்போது சேனலை மாற்றிவிடுகிறேன். திருநங்கைகளைக் கேலி செய்யும் ஸ்கிட்டுகளுக்கு என் வீட்டில் இடமே இல்லை.

புகார் சொல்லவும் வழி இருக்கிறது. பொழுதுபோக்கு சேனல்கள் பற்றிய புகார்களை விசாரிக்க 2011 முதல் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் கவுன்சில் செயல்படுகிறது. முதலில் சேனலுக்கு எழுதலாம், பிறகு அங்கே எழுதலாம். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், என்ன சொன்னார்கள் என்பதைத் தெளிவாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதினேன்.

கேள்வி: பட்டிமன்றத்தை ஏன் உங்கள் காமெடிப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்?

தீபாவளி, பொங்கல் காலையில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம் ஓடாத வீட்டை நான் பார்த்ததில்லை. அதில் பேச்சாளர் ராஜா பேசும்போது அப்பா எண்ணெய்த் தலையோடு குளிக்கப் போகாமல் நிற்பார். எழுத்து, டைமிங், எதிராளியை மடக்குவது எல்லாம் அதில் இருக்கிறது. பேசுபவர் முகத்திலேயே கேமரா நிற்கும். 2021-ல் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மேடைக் காமெடிக்கும் சேர்த்துக் கொடுத்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பிக் பாஸ்?

2017-லிருந்து பார்க்கிறேன். முதல் ஏழு சீசன் கமல், 2024-லிருந்து விஜய் சேதுபதி. பூந்தமல்லி பக்கம் ஈ.வி.பி. வளாகத்தில் வீடு. பூந்தமல்லி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். ஆனால் அது சண்டையைப் பார்க்கும் நிகழ்ச்சி. காமெடி அங்கே தற்செயலாக நடக்கும், நடந்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி: நல்ல ஆட்களெல்லாம் சினிமாவுக்குப் போய்விடுகிறார்களே, வருத்தமாக இல்லையா?

சந்தானம் 2004-ல் மன்மதன் படத்தில் வந்தபோது தியேட்டரில் எங்கள் வரிசை முழுக்க எழுந்து கத்தினோம். கலக்கப் போவது யாரு மேடையில் மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் 2012-ல் மெரினாவில் ஹீரோவாக நடித்தார். லொள்ளு சபாவில் ஓரமாக வந்து போன யோகி பாபு இன்று இல்லாத படம் குறைவு. நம் வீட்டுப் பிள்ளைகள் பெரிய வேலைக்குப் போனதுபோலத்தான் இருக்கிறது. வருத்தம் ஏன் வர வேண்டும்?

வருத்தம் போகாதவர்களைப் பற்றித்தான். இருபது வருடம் அதே மேடையில் நின்று, கெட்டப்பை மாற்றி மாற்றி நம்மைச் சிரிக்க வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் முகம் தெரியும், பெயர் தெரியாது. காலமான பிறகு செய்தியில்தான் முழுப் பெயரைப் படிக்கிறோம். யாராவது ஒருவர் ஸ்கிட்டில் நன்றாகச் செய்தால் பெயரைத் தேடி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கோவில் திருவிழாவிலோ கல்யாணத்திலோ நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த நோட்டைத்தான் எடுப்பேன்.

கேள்வி: பழைய எபிசோடுகளை எங்கே பார்ப்பது?

விஜய் டி.வி. நிகழ்ச்சிகள் ஜியோ ஹாட்ஸ்டாரில். பழைய பெயர் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார், 2025 பிப்ரவரியில் மாறியது. சன் டி.வி. நிகழ்ச்சிகள் சன் நெக்ஸ்ட்டில். யூடியூபில் சேனல்களே நிறையப் போட்டிருக்கின்றன. துண்டு துண்டாக வெட்டி வேறு இசை சேர்த்துப் போட்டிருப்பதைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். முழு எபிசோடாகத் தேடுங்கள்.

கேள்வி: உங்கள் கையில் ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

ஃப்ளோரில் இருக்கும் கேமராக்களில் ஒன்றை நடிப்பவருக்கு என்றே ஒதுக்குவேன். ஸ்கிட் முடியும் வரை அது வேறு எங்கும் திரும்பக் கூடாது. வசனம் மறந்து நிற்கும் இரண்டு நொடியையும் வெட்டமாட்டேன், அதற்கு அப்புறம் வரும் ஜன்னலையும் வெட்டமாட்டேன். காலி மேடைக்குச் சிரிக்கச் சொல்லமாட்டேன். நாலு மணிக்கு இட்லி சாப்பிட அரை மணி நேரம் விடுவேன். எழுதியவர் பெயரைக் கடைசியில் வேகமாக ஓடவிடாமல், ஸ்கிட் ஆரம்பிக்கும்போதே, நடிப்பவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுவேன்.